முன்னால் போன சத்தம்

வஞ்சிக்கொடியின் சைக்கிளுக்குள் குடியிருந்த சத்தம், கார்த்திகை மாதத்து விடியல் ஒன்றில், சைக்கிளை விட்டு இறங்கி அதற்கு முன்னால் போகத் தொடங்கியது. உடுமலையிலிருந்து மூணாறுக்குப் போகும் சாலை அது. இரு பக்கமும் தென்னந்தோப்புகளும், தோப்புகளுக்கு மேலே கைவீசி நிற்கும் காற்றாலைகளுமாக, மலையைப் பார்த்தபடியே போகிற சாலை. கரும்பு லாரியும் ஆட்டுக்கிடையும், சில வேளைகளில் மலையிலிருந்து இறங்கிய யானையும் அதன்மேல் போயிருப்பதால், ஒரு சத்தம் தனியே போவதை அது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வஞ்சிக்கொடி கச்சேரி வீதியில் இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவள். ஒருவருடைய இரத்தத்தில் கண்டதை அந்த ஒருவரிடமும் அவருடைய மருத்துவரிடமும் தவிர வேறு எவரிடமும், கணவனிடம்கூட, சொல்லாதவள். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்பதெல்லாம் தெரிந்திருந்தும், கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்து அவர்கள் மூன்றாவது ஜிலேபியை எடுப்பதை வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருப்பவள். தினமும் விடியலில் அவளோடு சைக்கிளில் வருகிறவள் சாந்தாமணி, கணவனின் தங்கை, தளி ரோட்டில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறவள். அவள் நேர் எதிர். நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள், சொன்ன பிறகே சில சமயம் நினைப்பாள்.

அந்தச் சாந்தாமணியும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தாள். அவளுடைய தாயார் படுக்கையில் விழுந்தபோது அவள் பெங்களூரில் மகளின் பேறுகாலத்துக்குப் போயிருந்தாள். தாயின் இரத்தத்தைச் சோதித்து, மீதமிருப்பவை சில நாட்களே என்று அறிந்திருந்த அண்ணி, அவளுக்குத் தகவல் சொன்னது மிகவும் பிந்தி; அவள் வந்து சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு பல வருடம் நின்றே கிடந்தது. பிறகு மருத்துவர் இருவரையும் தனித்தனியே சைக்கிள் மிதிக்கச் சொல்ல, இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாமல் வண்டி வாங்க, ஒருநாள் பள்ளபாளையம் தாண்டி சாந்தாமணியின் டயர் பஞ்சராகி நிற்க, பின்னால் வந்த வஞ்சிக்கொடி இறங்கி டியூபை மாற்றிக் கொடுத்தாள்.

"காத்து போதுங்களா அண்ணி?"

"இன்னுங் கொஞ்சம் அடி."

சமாதானப் பேச்சு முழுவதும் இவ்வளவே. அன்று முதல் இருவரும் அருகருகே ஓட்டினார்கள். தக்காளி விலையைப் பேசினார்கள், சம்பந்திகளின் கஞ்சத்தனத்தைப் பேசினார்கள், முழங்காலைப் பேசினார்கள். அம்மாவின் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அந்த விடியற்காலைச் சவாரிதான் தங்களுக்குள் மிச்சமிருக்கும் உறவு முழுவதும் என்பதை வஞ்சிக்கொடி அறிந்திருந்தாள். ஆகவே சத்தம் வந்தபோது அவள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய ரோடு பைக்கின் உடம்பு உள்ளே வெற்றிடமான கார்பன் குழாய். பின்சக்கரத்துப் பிரேக் கேபிள் அந்தக் குழாய்க்குள் ஓடுகிறது. சாலையில் சிறு மேடு வந்தாலும் கேபிள் துள்ளிக் குழாயின் சுவரில் மோதும். மோதினால் கடகட, மீண்டும் கடகட. தார் நன்றாக இருக்கும் இடத்தில் மெல்லிய கொறகொற. அவள் தண்ணீர்க்குப்பி மாட்டும் கம்பியை முறுக்கிப் பார்த்தாள், இருக்கையை இறுக்கிப் பார்த்தாள், கைப்பிடி நாடாவைப் பிரித்துச் சுற்றிப் பார்த்தாள். சத்தம் போகவில்லை.

"உங்களோட வர்றதுக்கு, நாய் வால்ல தகர டப்பாவக் கட்டிட்டு அதுக்குப் பக்கத்துல ஓடறாப்ல இருக்குதுங்க அண்ணி," என்றாள் சாந்தாமணி. "காலங்காத்தால ஒரு குருவி கத்தறது காதுல விழுகுதா? ஒண்ணு இந்தச் சத்தம் வரட்டும், இல்ல நான் வர்றேன். ரெண்டு பேரும் வர முடியாது."

"ரெண்டு நாள் பொறு, அம்மிணி."

"ரெண்டே நாள்தான். அப்புறம் நான் தளி ரோட்டுல தனியாப் போய்க்குவேன்."

கோயம்புத்தூரில் வண்டி வாங்கிய கடைக்குப் போன் செய்தபோது, கேபிளின் மேல் மெல்லிய ஸ்பாஞ்சுக் குழாயைப் போர்த்தி மறுபடியும் உள்ளே செலுத்தச் சொன்னார்கள். முக்கியமாக, பழைய கேபிளை உருவும் முன் அதன் வாலில் ஒரு நூலைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் புதியதற்கு உள்ளே வழி தெரியாது என்றார்கள். வீட்டில் கையில் கிடைத்தது பூக்கட்டுகிற வாழைநார். பூக்கட்டும்போது நாரை நனைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வண்டிக்குள் ஈரம் போகக்கூடாதே என்று, எதையும் சுத்தமாகச் செய்து பழகிய அந்தக் கை, காய்ந்த நாரையே கட்டியது. பாதி வழியில் நார் அறுந்தது. ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட, அவள் ஒரு காந்தத்தைக் குழாயின் வெளிப்புறத்தில் வைத்து, உள்ளே கேபிளின் முனையைக் குழந்தையை நடத்துவதுபோல நடத்திக்கொண்டு வந்து, மறு துளையில் வெளியே எடுத்தாள். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கித் தரையில் போட்டாள். சத்தமில்லை. மறுபடி போட்டாள். வண்டி ஊமையாகியிருந்தது.

மறுநாள் விடியலில் இருவரும் கிளம்பினார்கள். வஞ்சிக்கொடியின் வண்டியிலிருந்து சங்கிலி ஓடும் மெல்லிய சீறலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இருபதடி முன்னால், வெற்றுச் சாலையில், கடகட என்று அந்தச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

"அதுதானுங்க அது?" என்றாள் சாந்தாமணி.

"அதேதான்."

"வண்டிய விட்டுப் போயிருச்சில்ல? நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க." இவ்வளவு சொல்லிவிட்டு அவள் தக்காளி விலைக்குப் போய்விட்டாள்.

சாலையோரத்து ஊர்கள் அந்தச் சத்தத்தை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் பழகிக்கொண்டவை நாய்கள். சில நாள் துரத்தின, கடிப்பதற்குக் கால் எதுவும் இல்லாத ஒன்றைத் துரத்துவதில் பொருளில்லை என்று கண்டு, படுத்த இடத்திலிருந்தே ஒரு முறை குரைத்துக் கடமையை முடித்துக்கொண்டன. குறிச்சிக்கோட்டையில் டீக்கடை வைத்திருக்கும் தண்டபாணி, சத்தம் கடையைத் தாண்டியதும் பாலை அடுப்பில் ஏற்றினார். பெண்கள் வந்து சைக்கிளைச் சாய்த்து நிறுத்துவதற்குள் பால் பொங்கி இறங்கியிருக்கும். கரும்பு லாரிக்காரர்கள் வளைவில் சத்தம் கேட்டால் வேகத்தைக் குறைத்தார்கள். பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் அதற்கு வணக்கம் வைத்தார்கள். ஒரு கல்யாண வீட்டார், மாப்பிள்ளை அழைப்பில் மேளத்துக்கு முன்னால் அது போக முடியுமா என்று வஞ்சிக்கொடியிடம் முறைப்படி வந்து கேட்டார்கள். அது விடியலில் மட்டுமே போகும் என்று அவள் சொன்னதும், அழைப்பையே விடியலுக்கு மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டு போனார்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர் ராக்கியப்பனுக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதை அவர் எழுப்பினார்.

"எல்லாஞ் சரிங்க. இருட்டுல வருது. ஒரு லைட்டு வேண்டாமுங்களா? நாளைக்கு எவனாவது குறுக்க வந்து மோதிட்டா யாரு பொறுப்பு?"

"சத்தத்து மேல மோதி எவனுக்குங்க அடிபடப்போகுது?" என்றார் தண்டபாணி.

"அடிபடுமோ படாதோ, சட்டமுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?"

"லைட்ட எங்கீங்க மாட்டறது? உங்க மண்டைலயா?"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. கடைசியில், சத்தம் சாலையின் இடப்பக்கமாகவே போக வேண்டும் என்று மட்டும் ராக்கியப்பன் கேட்டுக்கொண்டார். அது முன்பிருந்தே இடப்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்பதால் அவருடைய கோரிக்கை உடனடியாக நிறைவேறி, அந்தப் பெருமையில் அவர் இன்னொரு டீ சொன்னார்.

இப்படி ஊர் முழுவதும் அமைதியாகிவிட்ட நேரத்தில், வஞ்சிக்கொடிக்கு மட்டும் ஒன்று உறுத்தத் தொடங்கியது. சாந்தாமணியின் கால்கள் வலியவை. முன்பெல்லாம் பேச்சுக்காக அவள் அண்ணியின் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொள்வாள். இப்போது, இருபதடி முன்னால் போகிற சத்தத்தை எட்டிப்பிடிக்க வேண்டும் என்று முதலில் விளையாட்டாக அழுத்தி மிதித்தாள், எட்டினாள், அடுத்த நாளும் எட்டினாள், பிறகு பள்ளபாளையம் தாண்டியதும் அவள் சத்தத்தின் பக்கத்திலேயே ஓட்டத் தொடங்கினாள், அதுவும் அவளுக்கு ஏற்றபடி தன் வேகத்தை வைத்துக்கொண்டது. வஞ்சிக்கொடி எவ்வளவு மிதித்தும் அவர்களுடைய பின்விளக்கு, ஒருவருடைய பின்விளக்குதான் அது, சிறுத்துச் சிறுத்து வளைவில் மறைந்தது. காது கொடுத்தால் தூரத்தில் கடகடவும் அதோடு சாந்தாமணியின் குரலும் சேர்ந்து கேட்கும். என்ன பேசுகிறாள் என்பது மட்டும் கேட்காது.

ஒருநாள் அவள் டீக்கடையில் இறங்கியபோது தண்டபாணி திகைத்து நின்றார்.

"என்னுங்க இது, இப்பத்தானே நீங்க ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டுப் போனீங்க?"

"நான் இப்பத்தான் வர்றேனுங்க."

"இல்லீங்களே. சாந்தாமணி அக்கா வந்தாங்க, கூடவே கடகடன்னு நீங்க வந்தீங்க. ரெண்டு டீ போட்டேன். ஒண்ணு மட்டும் அப்படியே ஆறிக் கெடக்குது, பாருங்க."

வஞ்சிக்கொடி அந்த ஆறிய டீயை எடுத்து, நின்றபடியே, ஏடு ஒட்டிய உதட்டோடு குடித்து முடித்தாள். தன் வண்டியின் சத்தத்தைத் தானே நீக்கித் தன் இடத்தில் அதை உட்காரவைத்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது. வீட்டில் கணவனிடம் சொன்னபோது, "சத்தம் நின்னா வர்றேன்னா, நின்னுது, வர்றா. இதுல என்ன குறை கண்டுட்டே?" என்று அவர் செய்தித்தாளைப் புரட்டினார். சாந்தாமணியிடமே கேட்டாள்: "என்ன அம்மிணி, இப்பெல்லாம் எனக்காகக் காத்திருக்கறதேயில்ல?"

"நீங்க மெதுவா வாங்கண்ணி. அவசரமில்ல. எனக்குத்தான் தொணை இருக்குதே."

அந்தத் துணையைப் பற்றி மேலும் பேச வஞ்சிக்கொடிக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கையில் இருந்த ஒரே வழி மிதிப்பது, அவள் மிதித்தாள். மார்கழி பிறந்தது. குறிச்சிக்கோட்டைக்கு அப்பால் சாலை மலையை நோக்கி ஏறும் இடத்தில், தோப்புகளும் காற்றாலைகளும் வானமும் ஒரே வெண்மையாகக் கரைந்துவிடுகிற பனி ஒன்று ஒரு காலையில் இறங்கியது. பனியில் சாந்தாமணி வேகத்தைக் குறைத்தாள், சத்தமும் குறைத்தது, எதையும் குறைக்காமல் வந்த வஞ்சிக்கொடி, தன் ஊமை வண்டியோடு, அவர்களுக்குப் பின்னால் இரண்டு சக்கர தூரத்துக்கு வந்துவிட்டாள். வந்ததை எவரும் அறியவில்லை, சத்தம் உட்பட.

சாந்தாமணி இடப்பக்கம் தலையைத் திருப்பி, காலியான சாலையைப் பார்த்து, 'அண்ணி' என்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஊருல நாயி குட்டி போட்டாக்கூட எனக்குப் போன் பண்ணுவீங்க. என்ற அம்மாவுக்கு மட்டும் வாயில பூட்டா அண்ணி? உங்க கையிலதானுங்க அவங்க ரத்தம் இருந்துச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா பறந்து வந்திருக்க மாட்டனா?"

சத்தம் கடகடத்தது.

"கடகடன்னா? தெனமும் இதையேதான் சொல்றீங்க. நானும் தெனமும் இதையேதான் கேக்கறேன். ஒருநாளைக்காவது பதில் சொல்லுங்க."

வஞ்சிக்கொடியின் விரல்கள் பிரேக்கின்மேல் இருந்தன. மெல்லப் பிடித்தால் போதும், பனிக்குள் பின்தங்கிவிடலாம், நல்ல வளர்ப்புள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள், டீக்கடையில் ஆறிய டீயைக் குடித்துவிட்டு, நாளையும் நாளை மறுநாளும் ஒன்றும் கேளாதவள்போல வந்துகொண்டிருக்கலாம். அவள் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள்.

"அத்தைதான் சொல்ல வேண்டாம்னாங்க, சாந்தா."

சாந்தாமணி திரும்பவில்லை. "அப்பாடா," என்றாள், வெகு நாளாக வராத பஸ் வந்துவிட்டதுபோல. "வாய் தொறந்துட்டீங்க."

"அது தொறக்கல. நான்தான். பின்னால இருக்கேன்."

இரண்டு பிரேக்குகளும் ஒன்றாக அலறின. இரண்டு வண்டிகளும் சாலையின் குறுக்கே கோணலாக நின்றன. சத்தம் மட்டும் நிற்கவில்லை; துணைக்கு இருந்தவள் நின்றுவிட்டதை அது கவனித்ததாகவும் தெரியவில்லை; கடகட என்று ஏற்றத்தில் ஏறிப் பனிக்குள் போயிற்று.

"எத்தன நேரமாப் பின்னால இருக்கீங்க?"

"கேக்க வேண்டியதக் கேட்டுட்டேன்."

"அப்பச் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

"உன் மகளுக்கு அன்னிக்கோ மறுநாளோன்னு இருந்துது. அத்தை என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. 'பேறுகாலம் முடியட்டும், அதுவரைக்கும் சொல்லாத. சொன்னா புள்ளத்தாச்சிய விட்டுப்போட்டு ஓடியாந்துருவா'ன்னாங்க. சத்தியம் வாங்கிட்டாங்க. குழந்த பொறந்த சேதி வந்த ராத்திரி உனக்குப் போன் பண்ணினேன்."

"இத இத்தன வருசமா எதுக்குங்க சொல்லல?"

"செத்துப்போனவங்க மேல பாரத்த எறக்கிவெச்சுட்டு நான் நல்ல பேரு வாங்கறதா?"

"நீங்க கெட்ட பேரே வாங்கிட்டு உக்காந்துக்குவீங்க, நான் அதக் குடுத்துட்டே இருக்கோணும், அப்படித்தானுங்க? ரிப்போட்டு குடுக்கறவங்களுக்கு மனுசங்களே வேண்டாம், பேப்பர் போதும்!"

"நீ கேட்டியா? ஒருநாள், ஒரே ஒருநாள், எங்கிட்டக் கேட்டியா? காத்துல போற சத்தத்துக்கிட்டக் கேட்டே!"

அப்போது பனியைக் கிழித்துக்கொண்டு மறையூர் பஸ் வந்து நின்றது. நடுச்சாலையில் இரண்டு சைக்கிள்களும் இரண்டு பெண்களும் இருந்தால் பஸ் வேறு என்ன செய்யும்? கண்டக்டர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, ஓரமா நின்னு சண்ட போடக்கூடாதுங்களா?"

"குடும்ப விசயம் பேசிட்டிருக்கோம். சித்தெ பொறுங்க," என்றாள் சாந்தாமணி.

கண்டக்டர் திரும்பி டிரைவரிடம், "அணைச்சுருங்கண்ணா, குடும்ப விசயமாமா," என்றார். எஞ்சின் நின்றது. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, விஷயம் என்னவென்று விசாரித்து அறிந்து, உடனே இரண்டு கட்சிகளாகப் பிரிந்தார்கள். பெற்ற மகளிடம் சொல்லாதது பெரும் பிசகு என்றது ஒரு கட்சி. சாகக் கிடப்பவளுக்குக் கொடுத்த சத்தியத்தை எப்படி மீறுவது என்றது மறு கட்சி. இதில் கேட்காமல் இருந்தவள் தப்பும் உண்டு என்று டிரைவர் ஜன்னல் வழியாகத் தீர்ப்புச் சொன்னார். வெற்றிலைக் கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் வஞ்சிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடேசீல அந்தம்மா மகளக் கேட்டாங்களா, கண்ணு?"

ஒருவர் கேட்டதை உரியவரிடம் அன்றி வேறு எவரிடமும் சொல்வது வஞ்சிக்கொடியின் வழக்கமல்ல. அதனால் அவள் வெற்றிலைக்காரியிடமிருந்து திரும்பி, சாந்தாமணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கேட்டாங்க. போன் பண்ணிட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன். 'சாந்தா எப்ப வருவா'ன்னாங்க. 'நாளைக்கு'ன்னேன். 'சரி'ன்னு கண்ண மூடினாங்க."

இரு கட்சிகளும் அடங்கின.

"நாளைக்குத்தானுங்க வந்தேன்," என்றாள் சாந்தாமணி.

"ஆமா."

"அப்பப் பொய் சொல்லி அனுப்பல நீங்க."

"இல்ல, அம்மிணி."

பயணிகள் ஏறிக்கொண்டார்கள், வெற்றிலைக்காரி போகிறபோக்கில் தன் மகளுக்குச் செய்வதுபோல எளிதாகச் சாந்தாமணியின் கன்னத்தை முந்தானையால் ஒற்றிவிட்டுப் படியேறினாள், பஸ் இரண்டு சைக்கிள்களையும் சுற்றிக்கொண்டு மலைக்குப் போயிற்று. சத்தமோ அதற்குள் வனத்துறைச் சாவடியைக் கடந்துவிட்டிருந்தது. காவலர் தடுப்புக்கம்பைத் தூக்கிவிட்டாராம். யார், எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லாததால், எழுதவில்லையாம். மறையூரில் கரும்புத் தோட்டத்துக்காரர்கள் அதற்குப் பழகிக்கொண்டு வருவதாகப் பிறகு கண்டக்டர் சொன்னார்.

பெண்கள் வண்டியைத் திருப்பினார்கள். இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தது. சாந்தாமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், பனி என்றாள், வஞ்சிக்கொடியும் பனிதான் என்று ஒப்புக்கொண்டாள். சற்றுத் தூரம் அப்படியே வந்தார்கள். பிறகு சாந்தாமணிக்குக் கோபம் திரும்ப வந்துவிட்டது; அது முன்பிருந்த கோபமல்ல, தினமும் செலவழிக்கத் தக்க சில்லறைக் கோபம்.

"அதென்னுங்க பூன மாதிரி சத்தமில்லாம வந்து பின்னால நிக்கறது? நான் உங்களப் பத்தி இன்னும் என்னென்னவெல்லாம் பேசியிருப்பனோ! ஒரு பெல்லாவது வாங்கி மாட்டுங்க அண்ணி."

"மாட்டறேன்."

"இன்னிக்கே மாட்டோணும்."

"இன்னிக்கே."

"நல்லாக் கணீர்னு கேக்கறதா வாங்குங்க," என்று சொல்லிவிட்டு, சாந்தாமணி மிதிப்பதைச் சற்றே நிறுத்தி, அண்ணியின் சக்கரம் தன் சக்கரத்துக்கு நேராக வந்து சேரும் வரை வண்டியைத் தானாக உருள விட்டாள்.